அரங்கும் உயிரும்: கனடாவின் பூர்வீகக் குடி இளைஞரிடையே தற்கொலையும் சமுதாய நாடகமும்

நாடகம் என்றவுடன் பரிசளிப்பு விழாவின் பிற்பகுதியும், இல்லங்களுக்கிடையிலான போட்டியும், தமிழ்த் தினப் போட்டியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பில் ஒரு பாடமாக அமைந்த பின்னரும், பெற்றோர் பலர் அதனைப் படிப்புக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்றே கருதி வருகின்றனர். ஆனால் வட அமெரிக்காவிலே, தம் பிள்ளைகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் பெருந்துயரை எதிர்கொண்ட சில சமுதாயங்கள், மருத்துவரை நாடிய அதே வேளையில் நாடகத்தையும் நாடின. அஃது ஏன், அங்கே நாடகம் எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனால் ஆவதும் ஆகாததும் யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கனடா நாட்டின் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட பூர்வீகக் குடியினர் மூவகையினர்: முதற் குடியினர், மெற்றிசு மக்கள், வட துருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்கள். முதற் குடியினர் என்னும் ஒரு பெயருள் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களும் அவற்றின் மொழிகளும் அடங்கும். ஆதலின் 'பூர்வீகக் குடியினர் இத்தன்மையர்' என ஒரே வாக்கியத்திற் கூறிவிடுதல் பிழையாகும். இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வாழும் ரொறன்ரோ நகரின் பெயர் மோகாக் மொழிச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. கனடா என்னும் நாட்டுப் பெயரும் 'ஊர்' எனப் பொருள்படும் பூர்வீகச் சொல்லே. பெயர்கள் நிலைத்தன, பெயரிட்டவர்களோ ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் ஒடுக்கப்பட்டனர்.

ஈண்டு நாம் முதலில் மனங்கொள்ள வேண்டியதொன்று உண்டு. அம்மக்களின் ஆற்றுகைக் கலைகள் தாமாக அழிந்துபோகவில்லை; சட்டத்தினால் தடுக்கப்பட்டன. மேற்குக் கடற்கரைக் குடிகளிடையே 'பொற்லாச்' என்னும் பெருவிழா வழங்கிவந்தது. பெயர் சூட்டல், திருமணம், இறந்தோரை நினைத்தல், பட்டமேற்றல் ஆகிய அனைத்தும் அவ்விழாவிலே முகமூடி அணிந்த ஆட்டத்தினாலும் பாட்டினாலும் பொருட்கொடையினாலும் உறுதிசெய்யப்பட்டன. எழுத்தில்லாச் சமுதாயத்துக்கு அதுவே பதிவேடு, அதுவே நீதிமன்றம், அதுவே அரங்கு. 1884 ஆம் ஆண்டு கனடாப் பாராளுமன்றம் அதனைக் குற்றமாக்கியது. 1895 இல் அத்தடை சமவெளிக் குடிகளின் சடங்கு ஆட்டங்களுக்கும் விரிந்தது. 1921 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வில்லேஜ் தீவிலே டான் கிரான்மர் என்பார் நடத்திய பொற்லாச் விழாவுக்குப் பின்னர் பலர் கைதாயினர். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்களாவன: ஆடியமை, உரையாற்றியமை, கொடை அளித்தமை, கொடை ஏற்றமை! சிலர் சிறை சென்றனர். முகமூடிகளும் அணிகளும் கைப்பற்றப்பட்டு அரும்பொருளகங்களுக்கு அனுப்பப்பட்டன. தடை நீங்கியது 1951 இலேயே.

பெரியோரின் ஆட்டம் இவ்வாறு தடைப்பட, பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அரசின் பணத்திலே பெரும்பாலும் கிறித்தவ சபைகள் நடத்திய அப்பாடசாலைகளிற் பல தலைமுறைகளிலுமாக ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் வதிந்தனர். தாய்மொழி பேசியமைக்குத் தண்டிக்கப்பட்டோர் எண்ணற்றோர். இறுதிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியிலேதான். 2008 ஆம் ஆண்டு யூன் 11 ஆம் நாள் கனடா அரசு பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என முடிவுசெய்தது. பெற்றாரிடம் வளராத பிள்ளை தான் பெற்றாராகும்போது எதனைக் கையளிக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் எளிதில் உணரலாம்.

இனித் தற்கொலை பற்றிய செய்திக்கு வருவோம். 2011 முதல் 2016 வரையான காலத்துக்குக் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட கணக்கின்படி, முதற் குடியினரிடையே தற்கொலை வீதம் பூர்வீகக் குடியல்லாதாரினும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இனுயிற் மக்களிடையே ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இவ்வெண்களைக் கண்டு 'இது அவர்தம் இயல்பு' என்று முடிவுகட்டுவோர் உளர். அக்கணக்கிலேயே அதற்கு மறுப்பும் உண்டு. முதற் குடியினரின் குழுமங்களில் நூற்றுக்கு அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றில் அக்காலத்தில் ஒரு தற்கொலையேனும் நிகழவில்லை. ஓர் ஊரிற் சாவு தொடர்கின்றது. அயலூரில் அஃது அறவே இல்லை. இயல்பு எனின் இவ்வேற்றுமை எங்ஙனம் பொருந்தும்?

இவ்வேற்றுமையின் காரணத்தை ஆராய்ந்தவர்கள் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்து உளவியலறிஞரான மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலொண்ட் என்னும் இருவர். அவர்கள் கட்டிளம் பருவத்தினரிடம் கேட்ட வினா ஒன்று நம்மவர்க்குச் சுவை பயப்பது. விக்ரர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீன் கதையைச் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழைபடும் பாடு' வாயிலாக நாம் அறிவோம். திருடனாய்ச் சிறை சென்றவன் பிற்காலத்தில் ஊர்த் தலைவனாகின்றான்; பெயரும் மாறுகின்றது, நடத்தையும் மாறுகின்றது. 'இவ்வளவு மாறியும் அவன் அதே மனிதன் என்று எவ்வாறு கூறுகின்றாய்? நீயும் மாறியிருக்கின்றாயே, முன்னிருந்த நீயும் இன்றிருக்கும் நீயும் ஒருவரே என்பதற்கு யாது காரணம்?' என்று அவர்கள் வினவினர். ஏனைய இளைஞர் ஏதோவொரு விடை கண்டனர். தற்கொலை எண்ணத்தால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டிருந்த இளைஞரிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர்க்கு விடை கிடைக்கவில்லை. நேற்றைய தன்னையும் நாளைய தன்னையும் தொடுக்கும் நூல் அவர்கள் கையில் இல்லை. நாளை வரப்போகின்றவன் யாரோ ஓர் அந்நியன் எனின், அவனுக்காக இன்றைய துயரைப் பொறுத்திருப்பது ஏன்?

பூர்வீகக் குடி இளைஞரிடம் அவ்வினாவைக் கேட்டபோது ஒரு வேறுபாடு புலனாயிற்று. ஏனையோர் பெரும்பாலும் 'என்னுள்ளே மாறாத ஒன்று இருக்கின்றது' என்று விடையிறுக்க, பூர்வீகக் குடி இளைஞர் பெரும்பாலோர் கதையாகவே விடை கூறினர்: 'அது நடந்தது, அதனால் இது நேர்ந்தது, இவ்வாறு நான் இங்கே வந்து சேர்ந்தேன்.' கதையே அவர்களுக்குத் தன்மையின் தொடர்ச்சி. அக்கதைகளை நிகழ்த்தும் களத்தையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகச் சட்டம் மூடிவைத்திருந்தது என்பதனை இதனோடு சேர்த்து நோக்குக.

இவ்விருவரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, மாகாணத்தின் ஏறத்தாழ 200 குழுமங்களை 1987 முதல் 1992 வரையான காலத்தில் ஒப்பிட்டது. தன்னாட்சி, நில உரிமை வழக்கு, கல்வி நிருவாகம், சுகாதார சேவை, தீயணைப்பும் காவலும், பண்பாட்டு நிலையம் என ஆறு அடையாளங்களை அவர்கள் கணக்கிற் கொண்டனர். இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தம் கையில் வைத்திருந்த குழுமங்களில் இளைஞர் தற்கொலை குறைந்திருந்தது. ஆறும் அமைந்தவற்றில் ஒன்றேனும் இல்லை. 2007 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மக்களிற் பாதிப்பேராவது தாய்மொழியில் உரையாடவல்ல குழுமங்களில் இளைஞர் தற்கொலை ஏறத்தாழ இல்லாதொழிந்தமை காணப்பட்டது. மொழி காத்தலை வெறும் உணர்ச்சி விவகாரம் என எள்ளி நகையாடுவோர் இதனைப் படித்தல் நன்று.

இப்பின்னணியிலேதான் நாடகத்தின் பணியை மதிப்பிடல் வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்து மனிற்றூலின் தீவிலே 1984 இல் தோன்றிய 'டெபாஜெமுஜிக்' என்னும் நாடகக் குழுவின் பெயர்க்குக் கதை சொல்வோர் என்பது பொருள். சில ஆண்டுகளின் பின்னர் அக்குழு விக்குவெமிகோங் என்னும் ஒதுக்கீட்டு நிலத்திற் குடியேறியது. 1970களின் நடுப்பகுதியில் இளைஞர் சாவுகள் தொடர்ந்து நிகழ்ந்து நாட்டையே திடுக்கிடவைத்த இடம் அது. குழு அதன்பொருட்டுத் தோன்றியதன்று. எனினும் அவ்வூர் இளைஞர் தம் முதியோரின் கதையை மேடையிற் கண்டமை சிறிய நிகழ்ச்சியன்று. ரொறன்ரோவிலே 1982 இல் நிறுவப்பட்ட 'நேற்றிவ் ஏர்த்' என்னும் குழுவும், கிறீ இனத்தவரான தொம்சன் ஹைவே எழுதி 1986 இல் மேடையேறிய 'த றெஸ் சிஸ்ரர்ஸ்' என்னும் நாடகமும் அக்காலத்தன. அந்நாடகத்திலே நானபுஷ் என்னும் தந்திரக்காரன் உருமாறி உருமாறித் தோன்றுகின்றான். அவன் இழிந்த கோமாளியும் அல்லன், உயர்ந்த தெய்வமும் அல்லன். விழுந்து எழுந்து சிரிப்பவன். நமது கூத்துக் களரியின் கட்டியகாரனை அறிந்தவர்க்கு அவன் முற்றிலும் அந்நியனாகத் தோன்றான். வதிவிடப் பாடசாலையிற் கற்ற ஒருவர் அவனை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தார் என்பது கருதத்தக்கது.

வடக்கே நுனாவுற் ஆட்சிப் பிரதேசத்தில் இக்லூலிக் என்னும் தீவூர் உண்டு. மக்கள் ஏறத்தாழ 2000 பேர். தம் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்ற காரணத்தினால் 1975 இலும் 1979 இலும் வாக்களித்துத் தொலைக்காட்சியையே மறுத்த ஊர் அது! பனிவெளியில் நாடோடிகளாய் வாழ்ந்த இனுயிற் மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலையான குடியிருப்புகளிற் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன் இளைஞர் தற்கொலை அவர்களிடையே அரிது. 1970களின் பின்னரே அது பெருகியது. 1998 இல் இக்லூலிக் இளைஞர் இருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அத்துயரின் பின்னர் தோன்றியதே 'ஆற்சேர்க்' என்னும் குழு. சிறுபராயத்தில் மானிடவியலாளரான தந்தையோடு அவ்வூரிற் கோடைகாலங்களைக் கழித்த கியோம் சலடன் என்னும் கழைக்கூத்தர் அவ்வூர் இளைஞரோடு சேர்ந்து அதனை அமைத்தார். உடற்சாகசம், பறையொலி, பெண்கள் இருவர் எதிரெதிர் நின்று பாடும் தொண்டைப் பாட்டு, முன்னோரின் உடல்வலி விளையாட்டுகள் யாவும் அதிற் கலந்தன. 2010 இல் வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக் விழாவிலும் அவர்கள் ஆடினர். மரணத்தைப் பற்றி அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஒருவன் தோளில் மற்றொருவன் ஏறி நிற்கும்போது, கீழே நிற்பவன் தன்னை நம்பி ஓர் உயிர் இருப்பதைத் தோளினாலேயே அறிகின்றான்.

ஆயினும் நமக்கு, சிறப்பாக ஆசிரியர்க்கு, மிகுந்த பயன் தரக்கூடியது விவாத அரங்கு என்னும் முறையே. இதனை வகுத்தவர் பிறேசில் நாட்டவரான ஒகஸ்தோ போவால் (1931-2009). இராணுவ ஆட்சியாற் கைதுசெய்யப்பட்டு வதையுண்டு, 1971 இல் நாடு நீங்கியவர். 1973 இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்திலே பணியாற்றியபோது பார்வையாளனையும் நடிகனாக்கும் வழியைக் கண்டார். சஸ்கற்சுவான் மாகாணத்திலே, லிண்டா கூலே, வாரன் லிண்ட்ஸ், மெற்றிசு இனத்தவரான ஜோ-ஆன் எப்பிஸ்கெனியூ ஆகிய கல்வியாளர், கப்பெல் பள்ளத்தாக்கை அண்டிய குடிகளின் சுகாதாரப் பணியாளரோடு இணைந்து, 2000களின் நடுப்பகுதி முதல் இம்முறையை இளைஞரிடையே கையாண்டனர். எப்பிஸ்கெனியூ 2009 இல் வெளியிட்ட நூலொன்றில், பூர்வீகக் குடிகளின் கதையும் நாடகமும் அரசின் கொள்கைகள் ஏற்படுத்திய புண்ணுக்கு மருந்தாகின்றன என வாதிட்டார்.

அம்முறையின் நடைமுறை வருமாறு. நாடகப் பிரதி முன்கூட்டி எழுதப்படுவதில்லை. முதலில் விளையாட்டுகள்: கண்ணைக் கட்டி நடத்தல், ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோற் பின்பற்றல் என்பன போல்வன. பேச்சற்றிருக்கும் பிள்ளைகள் விளையாட்டிலேதான் முதலில் உடலைத் திறக்கின்றனர். பின்னர்ப் படிம அரங்கு. 'உன் ஊரைக் காட்டு', 'பயத்தைக் காட்டு' என்றால், பேசாது ஒருவர் உடலை ஒருவர் களிமண்போல் அமைத்துச் சிலையாக நிற்பர். அச்சிலைகளிலிருந்து கதை பிறக்கும். அமர்வதும் வட்டமாகவே. முதியோர் ஒருவர் தொடங்கிவைக்க, பேச்சு வட்டத்திலே சுற்றிவரும். நமது வட்டக்களரியைச் சுற்றி ஊர் அமர்ந்தது போன்றதே இது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு காட்சியை யானே அமைத்துக் காட்டுகின்றேன். நகரப் பாடசாலையிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன், கிறீ மொழியிற் பேசும் பாட்டிக்கு விடை கூற அறியாது நிற்கின்றான். தந்தை குடித்திருக்கின்றார். நண்பர் அவனை 'நகரத்தான்' என்று நகையாடுகின்றனர். விரும்பிய பெண் அவன் அழைப்பை ஏற்கவில்லை. அவன் தன் அறைக்குட் சென்று கதவை மூடுகின்றான். காட்சி அவ்வளவே. முடிவு சொல்லப்படுவதில்லை. மீண்டும் அதே காட்சி தொடக்கத்திலிருந்து நடிக்கப்படும். இம்முறை பார்ப்போர் எவரும் 'நிறுத்து' என்று குரல் கொடுக்கலாம். எழுந்து சென்று அவனுடைய இடத்தை ஏற்று வேறு விதமாய் நடந்து பார்க்கலாம். ஒரு சிறுமி, பாட்டியிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டுப் பார்க்கின்றாள். மற்றொருவன் நண்பனைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்லிப் பார்க்கின்றான். நண்பனாய் நடிப்பவனோ எளிதில் இணங்குவதில்லை. ஏனெனில் எதிர்நிற்போர் விட்டுக்கொடாமை இவ்வரங்கின் விதி. நெறியாளர் ஒவ்வொரு முயற்சியின் பின்னரும் சபையை நோக்கி, 'இது நம் ஊரில் நடக்குமா?' என்று மட்டும் கேட்பார். சரி, பிழை கூறார். புத்திமதி கூறும் பழக்கம் ஊறிய நம் போன்ற ஆசிரியர்க்கு இதுவே மிகக் கடினமான பகுதியாகும்.

இதன் உட்பொருள் யாது? மூடிய கதவு ஒன்றே வழி என்று தோன்றிய இடத்திலே, அதற்கு முன் ஐந்தாறு இடங்களிற் கதை திரும்பக்கூடியது என்பதை இளைஞன் உடலால் அறிகின்றான். அவனுக்காக வேறொருவர் எழுந்து வந்தார் என்பதையும் காண்கின்றான். சாண்ட்லர் கண்ட அறுந்த நூலுக்கு இது நேரிய மருந்து எனத் துணிகின்றேன்.

மருந்து எனினும் அளவும் முறையும் உண்டு. கோதே 1774 இல் வெளியிட்ட 'வேர்தர்' நாவலைப் படித்த இளைஞர் சிலர் அதன் நாயகனைப் பின்பற்றினர் என்னும் பேச்சால் அந்நூல் சில இடங்களில் தடைசெய்யப்பட்டது. செய்தித்தாள்கள் தற்கொலையை விரித்து எழுதியபின் சாவுகள் மிகுவதை 1974 இற் காட்டிய டேவிட் பிலிப்ஸ் என்னும் அறிஞர், அதற்கு 'வேர்தர் விளைவு' எனப் பெயரிட்டார். இதற்கு மறுதலையான மற்றொன்றை 2010 இல் ஒஸ்திரிய ஆய்வாளர் காட்டினர். அதன் பெயரும் அரங்கிலிருந்தே வந்தது. மோசார்ற்றின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்திலே, உயிர்விடத் துணிந்த பபகேனோவைச் சிறுவர் மூவர் தடுத்து, அவன் மறந்துவிட்ட மணிகளை நினைவூட்டுகின்றனர். துயரைத் தாண்டி வாழ்ந்தவர் கதை வெளியாகும்போது சாவுகள் குறைவதைப் 'பபகேனோ விளைவு' என்பர். ஆதலின் மேடையிற் சாவைக் காட்டுதலும், அதன் வழியை விவரித்தலும், இறந்தவனை வீரனாக்கிப் பாடுதலும் ஆகா. அரங்கின் அருகே சுகாதாரப் பணியாளர் இருத்தலும், நாடகம் முடிந்தபின் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமையும் அங்கே ஒழுங்காகக் கொள்ளப்படுகின்றன.

ஈண்டு என் குறை ஒன்றையும் கூறுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலைப் போட்டி ஒன்றுக்காக யான் எழுதிய நாடகத்தின் இறுதிக் காட்சியில், பரீட்சையிற் தவறிய மாணவன் உயிர்விடுகின்றான். தாய் அழும்போது சபையும் அழுதது. முதற்பரிசும் கிடைத்தது. அச்சபையின் பின்வரிசையிலே அவ்வாண்டு பரீட்சையிற் தவறிய பிள்ளைகளும் இருந்தனர் என்னும் எண்ணம் அன்று எனக்கு எழவில்லை. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற இத்தீவிலே, ஓர் ஆசிரியர் அவ்வாறு எழுதியிருத்தல் ஆகாது. அப்பிரதியை இப்பொழுது எவர்க்கும் கொடுப்பதில்லை.

நாடகத்தின் வலிமையை மிகைப்படுத்தலும் தீதே. ஒன்ராறியோவின் வடகோடியிலுள்ள அற்றவாபிஸ்கற் என்னும் கிறீ ஊர் 2011 இல் வீட்டுப் பஞ்சத்தால் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. 2016 ஏப்பிரல் மாதத்தில், ஒரே நாளிற் 11 பேர் தம் உயிரை மாய்க்க முயன்றபோது மீண்டும் அவ்வாறு செய்தது. அங்கே இல்லாதது மேடை மட்டுமன்று. சாண்ட்லர் கூறிய ஆறு அடையாளங்களிற் பண்பாட்டு நிலையம் ஒன்றே. ஏனைய ஐந்தும் நிலமும் அதிகாரமும் நிருவாகமும் பற்றியன. நிலத்தை மறுத்துவிட்டு நாடகத்துக்கு நன்கொடை வழங்கும் அரசு, கடனைத் தீர்க்காது வட்டிக்குப் பூச்செண்டு கொடுக்கும் கடனாளியை ஒக்கும். அன்றியும், சில நூறு பேர் வாழும் ஓர் ஊரில் ஓராண்டுச் சாவுகள் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் கொண்டு, இந்நாடகம் இத்தனை உயிரைக் காத்தது எனக் கணக்குக் காட்டுதல் இயலாது. நாடகத்திற் பங்குகொண்ட பிள்ளைகள் பேசத் தொடங்கினர், முதியோரை நாடினர், தாமே பிறரை நெறிப்படுத்தினர் என்ற அளவிலேயே சான்று நிற்கின்றது. சஸ்கற்றூன் நகரிலே 1999 இல் தோன்றிய பூர்வீகக் குடி நாடகக் குழு, 'குரல்களின் வட்டம்' என்னும் பெயரில் இளைஞர்க்கு மாதக்கணக்கிலே முதியோர் பாடமும் நடிப்புப் பயிற்சியும் சேர்த்து அளித்துவந்தமை இதனாற்றான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஒரு நாட் பட்டறை மறுநாளே மறக்கப்படும்.

1921 இற் பறிக்கப்பட்ட முகமூடிகளுக்கு வருவோம். அவற்றுள் ஒரு பகுதி மீட்கப்பட்டு, 1980 இல் அலேட் பே என்னும் ஊரிலே திறக்கப்பட்ட உமிஸ்தா பண்பாட்டு நிலையத்தில் வைக்கப்பட்டது. 'உமிஸ்தா' என்பது சிறைப்பட்டோர் வீடு திரும்புதலைக் குறிக்கும் சொல். அந்நிலையத்தின் அருகே, செங்கல்லாற் கட்டப்பட்ட பழைய வதிவிடப் பாடசாலை நெடுங்காலம் நின்றது. 2015 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அங்கே படித்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் கூடி நிற்க, அது இடிக்கப்பட்டது. முகமூடிகள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கின்றன. அவ்வூர்ப் பிள்ளைகள் தம் மூதாதையரின் ஆட்டங்களைக் கற்று ஆடி வருகின்றனர்.